அனுப்புநர் இல்லாத சீட்டு

1

பிள்ளைகளே,

உங்கள் தலைமை ஆசிரியர் மாசிலாமணியும் நானும் உங்கள் பள்ளியில்தான், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். உங்கள் முன்னால் அவரை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். எழுதும்போது கை கூசுகிறது. அவர் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி மேலே படிக்கப் போனார். நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதிவிட்டு, நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிற கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனேன். அங்கே வெல்டிங் கற்றுக்கொண்டேன். அது துபாயில் எட்டு வருடம் சோறு போட்டது. இப்போது கனடாவில் போடுகிறது.

நான் கனடாவுக்கு வந்து போன மாதத்தோடு ஆறு வருடம் முடிந்தது. அதைச் சொல்லப் போன் செய்தபோது, பள்ளி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்றார் உங்கள் தலைமை ஆசிரியர்.

“பனியப் பத்தி எழுதுடா. கரடியப் பத்தி எழுது. பசங்களுக்குப் புடிக்கும்.”

பனியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அக்டோபரில் விழும், ஏப்ரலில் போகும். கரடியை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள்தான்.

அதே போனில் இன்னொன்றும் சொன்னார். இந்த வருடம் தமிழ் ஒப்புவித்தல் போட்டியில் முதல் பரிசு வாங்கியது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் மகளாம். “நம்ம பசங்களவிட சுத்தமா சொல்லுதுடா அது,” என்றார். இப்போது வகுப்புக்கு நாலைந்து ஒடிசாப் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

அதைக் கேட்டதும், பனியும் கரடியும் வேண்டாம், வேறு எழுதுகிறேன் என்றேன். அவர் பயந்துவிட்டார். அரசியல் எதுவும் எழுதாதே என்றார். அரசியல் இல்லை, போலீஸ் என்றேன்.

2

நாங்கள் இருப்பது கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ஒரு பெரிய தெரு, ஒரு நூலகம், இரண்டு சர்ச், தானியம் ஏற்றுகிற டிரெய்லர் செய்யும் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியில் நான் வெல்டர். என் மனைவி ஜெயசீலி முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், பெனிட்டா. பதினான்கு வயது.

எனக்கு நாலு மணிக்கு வேலை முடியும். பெனிட்டா நூலகத்தில் வீட்டுப்பாடம் எழுதிவிட்டு நாலரைக்கு வருவாள். அந்த அரை மணி நேரம் நூலகத்தின் முன்கூடத்தில் நான் நிற்பேன். போன வருடம் வரை அவளே உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். இப்போது பக்கத்து வாசல் வழியாக வெளியே போய் நின்று, போனில் ஒரு வரி அனுப்புகிறாள்: ‘கார்கிட்ட இருக்கேன்.’ நான் அவள் தோழிகள் எதிரில் இங்கிலீஷ் பேசிவிடக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. இந்த ஊரிலிருந்து போருக்குப் போய்த் திரும்பி வராத ஒருவரின் பதக்கம் அதில் இருந்தது. நான் நிற்பது அந்தப் பெட்டியின் முன்னால்தான்.

ஒரு நாள் பதக்கத்தைக் காணவில்லை. அடுத்த வாரம் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் போலீஸிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. தெரிந்தவர்கள் தகவல் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். எந்த நம்பரிலிருந்து பேசுகிறீர்கள் என்றும் பார்க்க மாட்டோம். உங்களுக்கு ஒரு எண் தருவோம், எங்களுக்கு நீங்கள் அந்த எண் மட்டும்தான். தகவல் சரியாக இருந்தால் பரிசு உண்டு.

நம் பக்கம் இதற்கு மொட்டைக் கடுதாசி என்று பேர். குற்றத்தை விட்டுவிட்டு, கடுதாசி எழுதியவன் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். இங்கே போலீஸே அச்சடித்து, தயவுசெய்து என்று கேட்கிறது. பயந்தவனும் உண்மை சொல்லலாம். நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். நோட்டீஸை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன்.

3

சனிக்கிழமை மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது. குளிரில் கன்னம் சிவந்திருந்தது.

“ஷூவ கழட்டச் சொல்லுடி,” என்றாள் ஜெயசீலி.

“மா, போலீஸ்மா,” என்றாள் பெனிட்டா.

“போலீஸ்னா? ஊட்ட இப்பதான் தொடச்சிக்கீறேன்.”

அவருக்கு என்ன புரிந்ததோ, மிதியடியை விட்டு நகராமல் அங்கேயே நின்று பேசினார். நூலகத்தில் பதக்கம் காணாமல் போனது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று ஃபிரிட்ஜைக் காட்டினேன். தினமும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். எவ்வளவு நேரம்? அரை மணி. பதக்கத்தைப் பார்ப்பீர்களா? எதிரில் இருப்பதால் பார்ப்பேன். மற்ற இடம் எல்லாம் இருக்க, ஏன் அங்கே?

“கீழே சூடாக இருக்கும்,” என்றேன்.

உண்மை அதுதான். பெட்டிக்குக் கீழே, தரையில் ஒரு கம்பி வலை வழியாகச் சூடான காற்று வரும். இந்த ஊரில் குளிர்காலத்தில் காசு கொடுக்காமல் நிற்கக்கூடிய சூடான இடம் அது ஒன்றுதான்.

அவர் எழுதிக்கொண்டார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். ஒத்துழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், அந்தப் பதக்கத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அதன் கீழே எழுதியிருப்பதை அத்தனை தடவை படித்திருக்கிறேன் என்று சொல்ல வந்தேன். பெனிட்டா என் காலை மிதித்தாள். பிறகு அவளே இங்கிலீஷில் விளக்கினாள்.

என்னைப் பற்றிச் சொன்னது யார் என்று கேட்டேன்.

“எங்களுக்கே தெரியாது, சார். அதுதான் ஏற்பாடு,” என்றார்.

டீ வேண்டாம், டியூட்டி என்றார். முறுக்கு வாங்கிக்கொண்டார்.

அவர் போனதும் ஜெயசீலி கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“பேப்பரு போட்டுக்கீறோம். இப்பப் போயி போலீசு ஊட்டுக்கு வருது. இன்னா பேஜாரு இது. சூடு வேணும்னா கார்ல ஹீட்டரப் போட்டுக்கினு குந்தக் கூடாதா?”

“பெட்ரோல் செலவாவும்.”

“ஆமா, மிச்சம் புடிச்சிட்ட.”

4

பெனிட்டா ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு பெயர் எழுத ஆரம்பித்தாள். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற அம்மா. செய்தித்தாள் படிக்க வருகிற தாத்தா. தன் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய், அவர் நம்மைப் பார்த்தாலே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாராம். இப்படி ஒன்பது பேர்.

“கண்டுபுடிக்கணும்ப்பா. நீ சும்மா நின்னதுக்குப் போய் போன் பண்ணிருக்காங்க. உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா? பேரக்கூட சொல்லாம. இப்டிலாம் பண்றவங்க எப்டிப்பட்ட ஆளுங்கப்பா?”

அந்த வருடத்தில் அவள் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அதுவும் என் பக்கம் நின்று பேசினாள். எனக்கு அது நன்றாக இருந்தது. பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் என்னைப் பற்றி அவள் மனதில் இருந்த நல்ல எண்ணம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் அந்தத் தாளில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவர் செய்திருந்தால்கூட மீதி எட்டுப் பேர் செய்யவில்லை.

“எனக்கு அப்படி ஒரு ஆள தெரியும்,” என்றேன்.

“யாரு?”

“நான்தான்.”

அவளுக்கு அன்று சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

5

பதினாறு வருடத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில், இரும்பு பைப் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் கிரைண்டிங் வேலையில் இருந்தேன். மொத்தம் நாற்பது பேர். மெஷின் பக்கம் போகிற பெண்கள் கம்மல், வளையல் எதுவும் போட்டிருக்கக் கூடாது என்பது சட்டம். கழற்றிச் சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் போட்டு, சாயங்காலம் எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

குமுதா அக்கா அங்கே பேக்கிங்கில் இருந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஒரு நாள் சாயங்காலம் அவர் டப்பாவில் கம்மலைக் காணவில்லை. அவருடைய அம்மாவின் கம்மல் அது.

“வெறுங்காதோட போனா எங்க மாமியா வாசப்படியிலயே நிக்க வச்சி கேக்கும்,” என்று சொல்லி, முந்தானையால் காதை மூடிக்கொண்டு பஸ் ஏறினார். காது வலி என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். மறுநாளும் அப்படியே வந்தார்.

சூப்பர்வைசர் நாதமுனி ஒரு ஸ்வீட் டப்பாவில் ஓட்டை போட்டு, வருகைப் பதிவு மேஜை மேல் வைத்தார்.

“யாரு எடுத்தாங்கன்னு தெரிஞ்சா எழுதிப் போடுங்க. பேரு வாணாம். எங்கயும் வெளிய போவாது.”

ஏழு சீட்டு விழுந்தது. அவற்றைக் கேன்டீனில் வைத்து அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆறு சீட்டில் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று எல்லாம் முறையாக இருந்தது. நாங்கள் எழுதத் தெரிந்துகொண்ட கடிதம் என்று ஒன்று இருந்தால் அது பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதம்தான். அனுப்புநரில் ஊர், தெரு, அப்பா பேர் வரைக்கும் போட்டிருந்தார்கள். சாம்பாரில் பருப்பு இல்லை என்று ஒன்று. ஃபேன் ஓடவில்லை என்று நாலு. இன்னொன்று நிஜமாகவே விடுப்புக் கடிதம். அக்காள் மகளுக்குக் காது குத்து, வெள்ளிக்கிழமை லீவு வேண்டும்.

“டேய், திருடனக் கேட்டா லீவு கேக்குறீங்களேடா,” என்றார் நாதமுனி. எல்லாரும் சிரித்தோம்.

ஏழாவது சீட்டைப் பிரித்துப் பார்த்தார். சத்தம் போட்டுப் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அது என்னுடையது. காலண்டர் தாளின் பின்பக்கம், கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதியிருந்தேன். அனுப்புநர் போடாமல் விடும் அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. அதில் எனக்குப் பெருமைகூட. நான் எழுதியது இதுதான்: ‘லோடிங் பிகாஷ் கையில் குமுதா அக்கா டப்பாவைப் பார்த்தேன். மூடி திறந்திருந்தது.’

பிகாஷ் ஒடிசாக்காரர். என் வயதுதான் இருக்கும். பைப் ஏற்றி இறக்குகிற வேலை. அவருக்குத் தெரிந்த தமிழ் தூக்கு, வை, போதும், சாப்டியா. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு டப்பா வைக்கிற ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தனியாகச் சாப்பிடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எழுதுவதற்கு அது வசதியாக இருந்தது.

மறுநாள் காலையில் கேட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். லோடு இல்லை, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கு வெளியே டப்பாவோடு நின்றார். லோடு லாரி ஒன்று உள்ளே போனது. அதைப் பார்த்துவிட்டுப் போனார். நான் கிரைண்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

6

நாலாவது நாள் குமுதா அக்கா நேராக நாதமுனியிடம் வந்தார்.

“உன் ஸ்வீட் டப்பா போதும்யா. எங்கூர்ல நக காணாப் போனா, ஊட்டுக்கு ஒரு ஆளு சாணி உருண்டை புடிச்சிக்கினு வந்து அண்டாவுல போடணும். எடுத்தவ அதுக்குள்ள வச்சிப் போட்ருவா. அப்புறம் தண்ணி ஊத்திக் கரைச்சா பொருளு கெடைக்கும். எவ எடுத்தான்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

“கம்பெனியில சாணிக்கு எங்கம்மா போறது? திங்கக்கெழம ஆடிட் வருது.”

கொஞ்சம் யோசித்தார்கள். சாணிக்குப் பதில் பனியன் வேஸ்ட் என்று முடிவானது. மெஷினில் கிரீஸ் துடைக்க மூட்டை மூட்டையாக வருகிற கிழிசல் துணி அது. ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு, பெயிண்ட் ரூமுக்குள் தனியாகப் போய், உருண்டை பிடித்து, அங்கே இருக்கிற காலி ஆயில் டிரம்மில் போட்டுவிட்டு வர வேண்டும். நாதமுனியும் போட்டார். வாட்ச்மேனும் போட்டார். நானும் போட்டேன்.

டிரம்மைக் கவிழ்த்து குமுதா அக்காவும் கேன்டீன் அம்மாவும் ஒவ்வொரு உருண்டையாகப் பிரித்தார்கள். முதலில் ஒரு ஸ்பேனர் வந்தது. பிறகு அளவுக் கருவி ஒன்று. கேன்டீன் கரண்டி இரண்டு. மேனேஜர் மூன்று மாதமாகத் தேடிய ஸ்டேப்ளர். காணாமல் போனது தெரியாத பொருளெல்லாம் வந்துகொண்டிருந்தது. ஆடிட்டுக்கு ஸ்டாக் கூடுதலாகக் காட்டுமே என்று நாதமுனி கவலைப்பட்டார்.

முப்பதாவது உருண்டைக்கு மேலே கம்மல் வந்தது, இரண்டும்.

குமுதா அக்கா அதை முந்தானையில் துடைத்து அங்கேயே மாட்டிக்கொண்டார். யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. இன்று வரை எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் கேட்டது வேறு.

“பிகாஷ் எங்கய்யா? நாலு நாளா ஆளக் காணோம். என் டப்பாவ கழுவ ஆளில்ல.”

“கழுவ ஆளா?” என்றார் நாதமுனி.

“தெனம் நான்தான் அவனுக்குக் கொழம்பு, ஊறுகா குடுப்பேன். சும்மா வாங்க மாட்டான். சாப்ட்டுட்டு என் டப்பாவ கழுவி ஸ்டாண்டுல வைப்பான். கம்மல் காணாப் போன அன்னிக்கும் அவன்தான் கழுவி வச்சான்.”

நாதமுனி தரையைப் பார்த்தார். “அவன் கையில டப்பாவ ஒருத்தன் பாத்தானாம்.”

“பாக்காம? கழுவினா கையிலதான் இருக்கும். யாரு அந்த ஒருத்தன்?”

“பேரு போடல.”

நான் அவர்களுக்கு நாலு அடி தள்ளி, பிரித்த துணியை மூட்டையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அள்ளி முடித்துக் கட்டினேன்.

கம்மல் டிரம்மில் விழுந்த நேரத்தில் பிகாஷ் கேட்டுக்கு வெளியே இருந்தார். அவர் எடுக்கவில்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். லோடிங் ஆட்களைக் கொண்டுவந்து விடுகிற காண்டிராக்டர் ஆள் அனுப்பினார். பிகாஷ் அறையைக் காலி செய்துவிட்டிருந்தார்.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கையில் டப்பா இருந்தது. மூடி திறந்திருந்தது. என்ன பண்றே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் குழாயைக் காட்டியிருப்பார். அதற்குத் தமிழ்கூட வேண்டாம்.

7

பெனிட்டா முழுவதையும் கேட்டாள். எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

இரண்டு நாள் போனில் அந்த ஒரு வரிகூட வரவில்லை. நாலரைக்கு நானாகப் போய் கார் பக்கத்தில் நின்றேன். அவள் வந்து பின் சீட்டில் ஏறினாள்.

அந்த வாரக் கடைசியில் உள்ளூர்ப் பத்திரிகையில் மூன்று வரி வந்தது. பதக்கம் கிடைத்துவிட்டது. ரிப்பன் நைந்துபோயிருந்ததால், மாற்றித் தைப்பதற்காக நூலகக் கமிட்டியைச் சேர்ந்த ஒருவரே வீட்டுக்கு எடுத்துப்போய், சொல்ல மறந்துவிட்டாராம். என் மேல் சந்தேகம் தீர்ந்தது என்று எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. சந்தேகம் வந்தபோதும் கடிதம் வரவில்லை, ஆள்தான் வந்தார். அது ஒரு விதத்தில் மரியாதைதான். என்னிடம் ஐந்தாறு கேள்வி கேட்டார்கள். பிகாஷிடம் நாங்கள் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அன்று காரில் பெனிட்டா முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

“அவர அப்புறம் பாத்தியாப்பா?”

“தேடினேன். மீஞ்சூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்ட்டாருன்னு அவரோட ரூம்ல இருந்தவர் சொன்னார். ஒரு ஞாயித்துக்கெழம ரயில் ஏறிப் போயி, வேல விடுற நேரத்துல அந்தக் கட்டடத்து கேட்டுல நின்னேன். வரல.”

“அப்புறம்?”

“அப்புறம் துபாய் விசா வந்துச்சி.”

“பதினாறு வருஷத்துல ஒரு ஞாயித்துக்கெழம.”

அவள் திட்டவில்லை. கணக்குச் சொல்வது மாதிரிதான் சொன்னாள். வீடு வரும் வரை நான் வண்டியை ஓட்டினேன்.

அதற்கு மறுநாள்தான் உங்கள் தலைமை ஆசிரியரோடு பேசினேன். ஒடிசாப் பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் என்றார். பிகாஷ் மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கே திரும்பி வந்து, கல்யாணம் செய்து, குடும்பத்தோடு இருக்கிறார் என்று கம்பெனியின் பழைய ஆள் ஒருவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். உண்மையா என்று தெரியாது. உண்மை என்றால் அவருக்குப் பிள்ளைகள் இருக்கலாம். அவர்கள் உங்கள் வகுப்பில் இருக்கலாம்.

பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாலையில் ஒரு லாரி ஆளை அடித்துவிட்டு நிற்காமல் போனால், நம்பரைப் பார்த்தவர் சொல்லத்தான் வேண்டும். பெயர் சொல்லப் பயமாக இருந்தால், பெயரைச் சொல்லாமலாவது நம்பரைச் சொல்லுங்கள். லாரியை நிறுத்திக் கேட்க முடியாது. பிகாஷ் எனக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை எழுதியதைப் பெனிட்டாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். தலைப்பைத் தானே படிக்கிறேன் என்று வாங்கி, முதல் சொல்லிலேயே நின்றாள்.

“அனுப்புநர்னா இன்னாப்பா?”

“எழுதுறவன் பேரு, ஊரு. கடுதாசியில மேல போடுறது.”

“அப்ப அத மொதல்ல போடு,” என்றாள்.

உங்கள் வகுப்பில் யாருடைய அப்பா பெயராவது பிகாஷ் என்று இருந்தால், கீழே உள்ளதை வீட்டில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் அந்த பிகாஷ் இல்லை என்றாலும் பரவாயில்லை. அவருக்குத் தெரிந்த பிகாஷ் யாராவது இருக்கலாம்.

அனுப்புநர்:
ச. தேவராஜ்,
கிரைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவன்,
கும்மிடிப்பூண்டி.
(இப்போது கனடா. முகவரி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது.)

பெறுநர்:
திரு. பிகாஷ்,
லோடிங் பிரிவு.
(முழுப் பெயர் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.)

ஐயா,

பொருள்: தாங்கள் டப்பா கழுவியது குறித்து.

தங்களைக் கேட்டில் நிறுத்தியதற்குக் காரணம் ஒரு சீட்டு. அதை எழுதியவன் நான். தங்களிடம் கேட்காமல் எழுதினேன். கம்மல் கிடைத்துவிட்டது. தாங்கள் எடுக்கவில்லை என்று அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தங்களுக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. குமுதா அக்கா தங்களைக் கேட்டார்.

இப்படிக்கு,
ச. தேவராஜ்